சின்ன ர போட்ட அக்கரை

பிரசவ வார்டில் நர்ஸம்மா தொட்டில் காலில் கட்டுவதற்கான அட்டையை எடுத்து, பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, "பேர் ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா, இல்ல பெண் குழந்தைன்னே போட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

"யோசிச்சாச்சுங்க. அக்கரை."

"குழந்தைமேல அக்கறை எல்லா அம்மாவுக்கும்தான் இருக்கும். நான் பேரைக் கேட்டேன்."

"பேரே அதுதாங்க. நீங்க நினைக்கிற அக்கறை இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கே, அந்த அக்கரை. சின்ன ர."

நர்ஸம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மயக்க மருந்து இன்னும் இறங்கலைபோல. சாயங்காலம் வந்து கேக்கறேன்" என்று நகர்ந்துவிட்டார். அடுத்த கட்டில்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்கக்கா, தையல் பிரிஞ்சிடும்" என்றாள். சாயங்காலம் நர்ஸம்மா மறுபடி வந்து கேட்டார். பதில் மாறவில்லை.

இப்படிப் பேர் வைத்தவள் ரொட்டிக்கடைக்காரரின் இளைய மகள். வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்தெருவுக்கும் அவள் சின்னவள்தான். சின்னவள் என்று ஒருத்தி இருந்தால் பெரியவள் என்று ஒருத்தி இருந்தாக வேண்டுமே. இருந்தாள்.

அம்மா போனபோது சின்னவளுக்குப் பால் பல்கூட விழவில்லை. அன்றைக்கு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவள் அக்காதான். வைத்துக்கொண்டவளுக்கும் ஒன்றும் பெரிய வயசில்லை. இடுப்பே இல்லாத வயசு. தங்கை நழுவி நழுவி விழுவாள், இவள் ஏற்றி ஏற்றி வைத்துக்கொள்வாள். தலைவாரிப் பின்னிவிட்டது, காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டது, முதன்முதலாக மாவு பிசையக் கற்றுக்கொடுத்தது, எல்லாம் அவள்தான். மாவுத் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று பிசைவார்கள். முழங்கைவரை மாவு அப்பியிருக்கும்போது சின்னவளுக்கு மூக்கு அரிக்கும். "அக்கா, மூக்கு" என்பாள். பெரியவள் தன் தோளை நீட்டுவாள். அந்தத் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பிசைவாள்.

கடை முன்பக்கம், வீடு பின்பக்கம், நடுவில் அடுப்படி. அடுப்படிச் சன்னலைத் திறந்தால் ஆறு. ஆறு என்று பேர்தானே தவிர, கடலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் அகலத்துக்குக் குறைச்சல் இல்லை. எதிர்க்கரையில் வீடுகள் தீப்பெட்டி அடுக்கினதுபோலத் தெரியும். பகல் முழுக்க ஒரு படகு அங்கேயும் இங்கேயும் போய்வந்துகொண்டிருக்கும். வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம் என்பார்கள். அவ்வளவுதான் தூரம்.

அந்தத் தூரத்திலிருந்து ஒரு தச்சர் வந்தார். ரொட்டித் தட்டுகளை அடுக்க மர அலமாரி செய்ய வந்தவர். அலமாரி முடிந்த பிறகும் ஒரு கதவு ஒட்டவில்லை, ஒரு கால் ஆடுகிறது என்று ஏதாவது சாக்கு வந்துகொண்டே இருந்தது. அந்தச் சாக்குகளைக் கண்டுபிடித்துத் தருபவள் பெரியவள்தான் என்பது ரொட்டிக்கடைக்காரரின் மண்டையில் ஏறவே இல்லை. அவர் ஏற்கெனவே தன் அடுப்புக்காரருக்குப் பெரியவளைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அடுப்புக்காரர் நல்ல மனுஷர்; எந்நேரமும் காது மடலில் மாவோடு, வாயில் ஒரு சீட்டியோடு அனல் முன்னால் நிற்பவர். பெரியவள் அவரைக் குறை சொல்லவில்லை. "அவரைக் கட்டிக்க மாட்டேன்ப்பா. தச்சரைக் கட்டிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். அப்பா மாவு நிறுக்கிற தராசுத் தட்டைத் தூக்கி எறிந்தார். மறுநாள் மத்தியானம், கடையில் கூட்டம் இருக்கிற நேரத்தில், எல்லார் கண்ணும் பார்க்க அவள் ஒரு பையோடு இறங்கிப் போய்ப் படகேறினாள். ஓடிப்போனாள் என்று ஊர் சொன்னது. ஓடவில்லை, நடந்துதான் போனாள்.

அன்றைக்கே அப்பா மாவு மூட்டைகளைக் கொண்டுவந்து ஆற்றுப்பக்கச் சன்னலுக்கு முன்னால் கூரைவரை அடுக்கினார். "இனிமே இந்த வீட்டில யாரும் அக்கரை, அது இதுன்னு பேச்செடுக்கக் கூடாது" என்றார். அப்புறம் சின்னவளைப் பார்த்து, "நீயும் போறதா இருந்தா சொல்லிட்டுப் போ. கடையை மூடிட்டு நானும் எங்கேயாவது போயிடறேன்" என்றார். அதட்டலாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது தொண்டை கம்மிவிட்டது. அந்தக் கம்மல்தான் சின்னவளைக் கட்டிப்போட்டது. அதட்டலை எதிர்த்துப் போகலாம். கம்மலை எதிர்த்து எங்கே போவது?

அதற்குப் பின் பெரியவள் ஒரே ஒரு தடவை வந்தாள். புதுப் புடவையோடு வந்து, வாடிக்கைக்காரர்கள் நிற்கிற வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஒரு ரொட்டி கேட்டாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினார், நூல் கட்டினார், நீட்டினார்.

"வேற என்ன வேணும்?" என்றார், எல்லாரிடமும் கேட்பதுபோலவே.

"வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லி, ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சின்னவள் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எதிர்க்கடைத் தையல்காரம்மா ஓடிவந்து சொல்லி, அவள் மாவுக் கையோடு துறைக்கு ஓடியபோது படகு பாதி ஆற்றில் இருந்தது. பிறகு படகில் போகிறவர்களிடம் சொல்லியனுப்பினாள். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை, பதில் வரவில்லை.

ஒருநாள் அப்பா மெல்ல வந்து, அடுப்புக்காரரைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். அந்தச் சீட்டியைக் கேட்டே வளர்ந்தவள் அவள். கூச்சத்தோடு சம்மதம் சொன்னாள். ஆனால் கல்யாணத்தன்று தலை பின்ன யாரோ ஒருத்தி வந்தாள். ரொம்ப நன்றாகத்தான் பின்னினாள். கண்ணாடியில் பார்த்ததும் சின்னவளுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. புகுந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்றார்கள். புகுந்த வீடாவது! அடுப்படியிலிருந்து மாடி அறைக்குப் படியேறிப் போனாள், அவ்வளவுதான்.

குழந்தை பிறக்க வெகு வருஷம் பிடித்தது. வயிற்றில் தங்கி, அசைய ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு: இதை அக்கா தூக்க வேண்டும். வேறு எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை. மூட்டை அடுக்கிய சன்னலைப் பார்த்துக்கொண்டே மாவு பிசைவாள். இந்த வீட்டில் ஒரு வார்த்தைக்குத் தடை இருக்கிறதே, அதைத் தினமும் நூறு தடவை சொல்லும்படி ஆகிவிட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியது அப்படியே உட்கார்ந்துகொண்டது.

முதலில் கணவரிடம் சொன்னாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அடுப்புக்காரர் காது மடலைத் தேய்த்துக்கொண்டார்.

"உங்கக்கா என்னை வேண்டாம்னு சொல்லிட்டுப் போன இடம். அதை நான் தினமும் வாயாரக் கூப்பிடணும். அப்படித்தானே?"

"கஷ்டமா இருந்தா வேண்டாங்க."

அவர் குழந்தையின் காது மடலைத் தொட்டுப் பார்த்தார். "அவங்க போகலைன்னா எனக்கு நீ ஏது, இது ஏது? நல்ல பேருதான். கூப்பிட நீளமாவும் இருக்கு" என்றார்.

மற்றவர்கள் அவ்வளவு லேசில் விடவில்லை. பேர் பதிகிற அலுவலகத்தில் எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அம்மா, இது பேர் இல்ல, வழி கேட்டா சொல்ற பதில்" என்றார். எழுதும்போது பெரிய ற போட்டார். அவள் திருத்தச் சொன்னாள். "ற இருந்தா நல்ல அர்த்தமாவது வருது. அக்கறையான பொண்ணுன்னு சொல்லிக்கலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். "சின்ன ர போடுங்க" என்றாள். அவர் மேஜைக்கு மேஜை போய்க் காட்டிவிட்டு வந்துதான் திருத்தினார்.

நாத்தனார் வந்தாள். கையில் கவுன், வாயில் புகார். "பூப் பேர் இல்லையா, நிலாப் பேர் இல்லையா, ஊர்ல பேருக்கா பஞ்சம்? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன், பொண்ணு எங்கேன்னு கேட்டா அக்கரைன்னு சொல்வீங்களா? அவன் படகேறிப் போயிடுவான்!" சொன்னவளே சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தம்பியை முறைத்தாள். தையல்காரம்மா, ரொட்டி வாங்க வருகிறவர்கள், பால்காரர், எல்லாரும் சொல்லிவைத்தாற்போல அந்த ஒரே பழமொழியை எடுத்து நீட்டினார்கள். கடைசியாகச் சொன்னவரும் தானே கண்டுபிடித்ததுபோலக் கண்ணைச் சிமிட்டினார். சின்னவள் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரித்துவைத்தாள். சிரிக்கட்டும். பேசட்டும். படகில் போகும்போது பேசட்டும். இறங்கின இடத்தில் பேசட்டும். நாலு வாய் மாறி யார் காதிலாவது விழுந்தால் போதாதா?

அப்பா மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்தார். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பேரைக் கேட்டதும் முகம் அடுப்புக் கதவுபோல மூடிக்கொண்டது. அன்றிலிருந்து அவருக்குக் குழந்தை பன்னு. கன்னம் பன் மாதிரி இருப்பதால் பன்னு என்று காரணமும் சொன்னார். பன்னு தூங்கிட்டாளா, பன்னுக்குப் பால் குடுத்தாச்சா என்று நாள் முழுக்கப் பன்னுதான். அந்தப் பேரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தால் இருமுவார். தாத்தாவுக்கும் பேத்திக்கும் அப்படி ஓர் ஒட்டுதல். அவருடைய மாவுத் துணியைப் பிடித்துக்கொண்டே அவள் நடக்கப் பழகினாள். அதனால் சண்டையும் போட முடியவில்லை சின்னவளால். காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழகிய வேலைதான். மாவு புளிக்கும்வரை யாரும் அவசரப்படுத்த முடியாது.

பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசு வந்த சமயம். ஒரு மத்தியானம், அடுப்பிலிருந்து தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த களேபரத்தில், குழந்தையைக் காணவில்லை. மாடியில் இல்லை, மூட்டைச் சந்தில் இல்லை, தையல்காரம்மாவின் மிஷினுக்கு அடியிலும் இல்லை. "கையில பன்னோட துறைப் பக்கம் போறதைப் பாத்தேனே" என்றார் பால்காரர். அப்பா கல்லாவை அப்படியே போட்டுவிட்டு, இடுப்புத் துணியோடு ஓடினார். அந்த வயசில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. சின்னவள் பின்னாலேயே ஓடினாள்.

துறையில் சந்தைக் கூட்டம். "பன்னு! ஏ பன்னு!" என்று அப்பா கத்தினார். தலையிலிருந்து கால்வரை மாவோடு ஒரு மனுஷர் பன்னு பன்னு என்று கத்தினால் யார் என்ன நினைப்பார்கள்? "பன்னு என்ன விலைங்க?" என்று ஒருவர் கேட்டார். "சூடா இருக்கா?" என்றாள் ஒருத்தி. அப்பா அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். ஒரு விநாடி நின்றார். அப்புறம், துறை முழுக்கக் கேட்க, "அக்கரை! அக்கரை!" என்று கூவினார்.

சின்னவள் காதில் அது விழுந்தது. நடுத்தெருவில் அப்படியே நின்றாள். குழந்தையைக் காணோம் என்கிற பயம் ஒரு பக்கம் இருக்க, இத்தனை வருஷமாக அந்த வீட்டில் செத்துக் கிடந்த சொல் அப்பாவின் வாயிலிருந்து வருவதைக் கேட்டு இன்னொரு பக்கம் என்னவோ செய்தது.

"அக்கரைக்குத்தான் கிளம்புது. ஓடி வாங்க பெரியவரே, இடம் இருக்கு!" என்று படகுக்காரர் கை காட்டினார்.

"அக்கரை!" என்றார் அப்பா மறுபடி, அழுகிறதுபோல.

"அதான் சொல்றேனே, அக்கரைக்குத்தான்!"

அப்போது படகுக்குள்ளிருந்து, "தாத்தா!" என்று ஒரு சத்தம். யாரோ ஒரு அம்மாளின் மடியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது குழந்தை. அப்பா ஒரே தாவாகத் தாவி உள்ளே விழுந்தார். கயிறு ஏற்கெனவே அவிழ்ந்துவிட்டது. சின்னவள் துறையின் விளிம்புக்கு வந்தபோது படகு நகர்ந்துகொண்டிருந்தது. பேத்தியைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றார். திருப்புங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் படகுக்காரர் திருப்பியிருப்பார். அப்பா சொல்லவில்லை.

படகு திரும்பி வந்தது; அவர்கள் வரவில்லை. மறுபடி போய் வந்தது; அதிலும் இல்லை. அடுப்புக்காரர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "வந்துடுவாங்க" என்றார். "எங்கே போயிருக்கார்னு உனக்குத் தெரியாதா என்ன?" என்றும் சொன்னார். சின்னவள் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு படகிலும் ஒரு புடவையைத் தேடினாள். அக்கா இப்போது என்ன நிறம் கட்டுகிறாளோ?

வெயில் சாய்ந்த பிறகு வந்தார்கள். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் யாரும் இறங்கவில்லை.

அப்பா துறைப் பெஞ்சில் உட்கார்ந்தார். "அவ அங்கே இல்ல, சின்னவளே" என்றார்.

"வீட்டுக்குப் போனீங்களாப்பா? வீடு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"எப்படிப்பா?"

"அன்னிக்கு வந்து ரொட்டி வாங்கிட்டுப் போனாளே, அதுக்கப்புறம் ஒருநாள் போனேன். தெருமுனைவரைக்கும். துணி காயப் போட்டுட்டு இருந்தா. அப்படியே திரும்பி வந்துட்டேன்." குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினார். "இப்ப வேற யாரோ இருக்காங்க. தச்சருக்கு எங்கேயோ தூரத்து ஊர்ல வேலை கெடச்சு, குடும்பத்தோட போய் ரொம்ப வருஷம் ஆச்சாம். எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல. பக்கத்து வீட்டம்மா ஒருத்தி இருக்கா. இவ பேரைக் கேட்டுச்சு. சொன்னேன். 'அக்கரைன்னா எங்களுக்கு உங்க ஊராச்சே'ன்னு சிரிச்சுது. அப்புறம் சொல்லுச்சு, நம்ம பொண்ணும் அப்படித்தான் சொல்லுமாம். சாயங்காலம் ஆனா ஆத்தங்கரைல வந்து நின்னுக்கிட்டு, 'அக்கரைல இப்ப எங்கப்பா ரெண்டாவது ஈடு இறக்கியிருப்பார், எங்க சின்னு கையைச் சுட்டுக்கிட்டு நிக்கும்'னு..."

குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்து நடந்தார்.

மறுநாள் காலையில் சின்னவள் எழுந்து வந்தபோது அடுப்படியில் வெளிச்சம் வித்தியாசமாக இருந்தது. மூட்டைகளை அப்பா தனியாகவே இறக்கி எதிர்ச் சுவரோரம் அடுக்கியிருந்தார். ஆறு பளபளவென்று உள்ளே வந்திருந்தது. கடைத்தெரு அதிர, "அக்கரை! எழுந்திரு அக்கரை! பல் தேச்சியா இல்லையா?" என்று அவர் படிக்கட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். எத்தனை வருஷத்துக் கணக்கையோ தீர்ப்பதுபோல, தேவை இருக்கிறதோ இல்லையோ, கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "பன்னுன்னு கூப்பிடு தாத்தா" என்று குழந்தை அழுததுதான் வேடிக்கை.

அதன்பின் தேடினார்கள். எதிர்க்கரையில் தச்சுப்பட்டறை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். ஒருவர் வடக்கு என்றார், ஒருவர் மலையடிவாரம் என்றார். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டது, கடைசியில், பேரால்தான்.

மாவு மூட்டை கொண்டுவரும் லாரி டிரைவர் வாய் ஓயாத ஆள். போகிற இடமெல்லாம் கதை வேண்டும் அவருக்கு. ஒருநாள் நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக் கடையொன்றில் உட்கார்ந்து, ஒரு கிழவர் பேத்தியைத் தேடி அக்கரை அக்கரை என்று கத்தியதையும், படகுக்காரர் ஏறச் சொன்னதையும் நடித்துக் காட்டியிருக்கிறார். கடையே சிரித்திருக்கிறது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல், துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டு நின்றாளாம்.

"அந்தக் குழந்தைக்கு யாரு அப்படிப் பேர் வச்சாங்க?"

"அதோட அம்மாதான். ரொட்டிக்கடைச் சின்னவள்னு சொல்வாங்க."

"தாத்தா எப்படிக் கூப்பிடறார்?"

"இப்பவா? ஊருக்கே கேக்கும்."

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம். டிரைவர் இதை வந்து சொன்னபோது சின்னவளின் கை மாவில் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. அப்பா, "என்ன உயரம்? நெத்தியில இங்கே ஒரு தழும்பு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சின்னவள் குழந்தையோடு அதே லாரியில் போனாள். ஒரு பகல் முழுக்கப் பயணம். அப்பா வரவில்லை. "நான் போய் நின்னு, கடைக்கு வர்ற யாருக்கோ சோறு போடற மாதிரி எனக்கும் போட்டுட்டான்னா?" என்றார்.

அக்காவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. சாரத்திலிருந்து விழுந்து தச்சருக்கு வலது கை போய்விட்டது, இரண்டு பையன்கள், சாப்பாட்டுக் கடையில் சமையல். வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அகப்பையைக் கீழே வைத்தாள். "சின்னு, இளைச்சுட்டியேடி" என்றாள். குழந்தையை உட்காரவைத்து, தெரிந்துகொண்டே, "உன் பேர் என்ன?" என்று கேட்டாள். குழந்தை சொன்னது. "இன்னொரு தரம் சொல்லு" என்றாள். அதுவும் சொன்னது. விட்டால் நாள் முழுக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பாள்.

"வாக்கா, எங்கூட" என்றாள் சின்னவள்.

"இவரை விட்டுட்டா? பசங்க படிப்பு?" என்றாள் பெரியவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மறுபடி வேற என்ன வேணும்னு கேட்டுட்டார்னா நான் தாங்க மாட்டேன் சின்னு" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே பயத்தை இரண்டு ஊரில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் லாரி ஓடியது. அப்பா ரொட்டி சுட்டு அனுப்பினார். போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிட்டது. அதனால் ரஸ்க் போட ஆரம்பித்தார். அவர் கடையில் அதுவரை ரஸ்க் கிடையாது. மிஞ்சின ரொட்டியில் செய்கிற பண்டம் என்று இளப்பமாகப் பேசுவார். இப்போது அதற்கென்றே புது ரொட்டி சுட்டு, வெட்டி, மறுபடி அனலில் வாட்டி, டின்னில் அடைத்தார். டின் காலியாகித் திரும்பி வரும். அவர் அதற்குள் முகத்தை விட்டு முகர்ந்து பார்ப்பதைச் சின்னவள் ஒருநாள் பார்த்துவிட்டாள். பார்க்காததுபோல நகர்ந்தாள்.

அடுத்த வருஷம் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பேத்தி கையைப் பிடித்து லாரியில் ஏறிவிட்டார். அடுப்பைப் பார்க்க ஆள் வேண்டும், கல்லாவைப் பார்க்க ஆள் வேண்டும். சின்னவளால் போக முடியவில்லை. திரும்பி வந்ததும் மகளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"தாத்தாவும் பெரியம்மாவும் என்ன பேசிக்கிட்டாங்க?"

"பேசவே இல்லம்மா. தாத்தா அங்கே போய் உக்காந்து வெங்காயம் நறுக்கினார். நிறைய. பெரியம்மா அப்பப்ப வந்து எடுத்துட்டுப் போனாங்க. ரெண்டு பேரும் அழுதாங்க. வெங்காயம்னு சொன்னாங்க."

பள்ளிக்கூட விடுமுறைக்கு வருவதாகப் பெரியவள் சொல்லியிருந்தாள். அந்த விடுமுறைக்கு இளையவனுக்கு அம்மை போட்டது. அடுத்த விடுமுறைக்குச் சமையலுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. அதற்கும் அடுத்த விடுமுறையில் நிஜமாகவே வந்தாள். பாலம் சுற்றி வருகிற லாரியை எதிர்க்கரையிலேயே விட்டு இறங்கி, படகேறி, பையன்களோடும் தச்சரோடும் வந்தாள். கொஞ்ச நாள்தான் இருந்தாள். மாவுத் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அப்பா கடையைச் சீக்கிரம் மூடினார். அடுப்புக்காரரும் தச்சரும் பழைய அலமாரியின் ஆடுகிற காலைப் பற்றி வெகு நேரம் பேசினார்கள். சின்னவள் ராணிபோல உட்கார்ந்து அக்கா கையால் தலை பின்னிக்கொண்டாள். நாலு பிள்ளை பெற்றவள்போல உடம்பு போட்டுவிட்டாய் என்று அக்கா கேலி செய்ததைக்கூட மறுபடி மறுபடி நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

பிறகு அவர்கள் கிளம்பினார்கள். துறைவரை எல்லாரும் போனார்கள். படகு நகர்ந்ததும் பெரியவள் கையைத் தூக்கினாள். வெயில் கண்ணில் அடித்ததில் ஆட்டுகிறாளா, நெற்றிக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு பார்க்கிறாளா என்று தெரியவில்லை. அக்கா முதல் முறை போனபோது சின்னவளுக்குக் கோபம் இருந்தது, சாய்ந்துகொள்ள அது ஒரு சுவர். இப்போது அதுவும் இல்லை. யார்மேல் கோபப்படுவது? வாழ்க்கை அங்கே வேர் விட்டுவிட்டது, அவ்வளவுதான். காணாமல் போன அக்காவுக்காக ஏங்கியதைவிட, இன்ன ஊரில், இன்ன கடையில், இந்நேரம் அகப்பையோடு நிற்கிறாள் என்று தெரிந்த அக்காவுக்காக ஏங்குவது அதிகம் வலித்தது. இனி இப்படித்தான் என்றும் புரிந்தது.

படகு எதிர்க்கரைப் புள்ளிகளோடு கலந்துவிட்டது. அப்பா பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தார். சின்னவள் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். காலையில் பிசைந்து வைத்த மாவு இந்நேரம் பொங்கித் தொட்டி விளிம்பைத் தாண்டியிருக்குமே என்று நினைப்பு வந்தது. நடையை எட்டிப் போட்டாள்.